நான் மாற்றிப் படித்த அத்தியாயம்

போன வருஷம் ஆவணி மாதம், திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் நடந்தது இது. அங்கே ஒரு அன்னதான மடத்தின் காம்பவுண்டு சுவரை ஒட்டி நான் இஸ்திரி வண்டி போட்டிருக்கிறேன். பதினெட்டு வருஷமாக அதே இடம்தான். சுற்றிலும் வாடகை அறைகளும் விடுதிகளும் இருப்பதால் துணிக்குக் குறைவில்லை. வெளிநாட்டுக்காரர்கள்கூட கசங்கின ஜிப்பாவைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆனால் எனக்குச் சுலபத்தில் பேச்சு வராது; ஊமை இல்லை, கூச்சம். எப்போ கிடைக்கும் என்று யாராவது கேட்டால் விரலைக் காட்டுவேன். ஐந்து விரல் என்றால் ஐந்து மணி. நாள் முழுக்க என் பேச்சு அவ்வளவுதான்.

என் மனைவி அந்த மடத்திலேயே காய் நறுக்குகிற வேலை பார்க்கிறாள். மதியம் மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை, மறுநாள் சமையலுக்கான காயை எல்லாம் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அரிவாள்மனையில் நறுக்குவார்கள். பௌர்ணமி என்றால் கிரிவலம் வருகிற கூட்டத்துக்கும் சேர்த்து நறுக்க வேண்டும். அப்போது கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து வேனில் பெண்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள். நாற்பது பேர் ஆகிவிடும். அவர்கள் உட்காருகிற கூடத்து ஜன்னல் என் வண்டிக்கு நேர் பின்னால் இருக்கிறது. உள்ளே பேசுகிறது எல்லாம் எனக்குக் கேட்கும்.

அவள் இரண்டு மணிக்கு முன்னால் எனக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். வண்டிக்குப் பக்கத்தில் இருக்கிற புங்க மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். சாப்பிட்டு முடிக்கும்வரை இரண்டு பேரும் அதிகம் பேசமாட்டோம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். சண்டை எதுவும் இல்லை. எனக்குப் பேச வராது, அவளும் பழகிவிட்டாள். அவ்வளவுதான்.

ஒருநாள் ஒரு வாடிக்கையாளரின் துணி மூட்டைக்குள் ஒரு வார இதழ் வந்துவிட்டது. திருப்பிக் கொடுத்தேன். படித்தாகிவிட்டது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். மதியம் என் மனைவி அதைப் புரட்டினாள். அவள் பள்ளிக்கூடம் போனதே இல்லை. படம்தான் பார்ப்பாள்.

"இன்னாங்க இது, இந்தப் பொம்பள கெணத்தாண்ட நின்னுக்கினு அழுவுறா?"

அது ஒரு மர்மத் தொடர்கதை. அன்றுதான் முதல் அத்தியாயம். நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். விரலை வைத்து, எழுத்தைக் கூட்டி, உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். பெரிய வார்த்தை வந்தால் நின்றுவிடுவேன். அன்றைக்கு அந்த நாலு பக்கத்தைப் படிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு அரிசி மில் முதலாளி வீடு. மூத்த மருமகள் ஒருநாள் விடியற்காலையில் காணாமல் போகிறாள். எல்லோருக்கும் வீட்டு டிரைவர் மேல் சந்தேகம். கிணற்றில் வாளியை இறக்கி இழுக்கிறார்கள். வாளி மேலே வருகிறது. அதற்குள் பளபளவென்று ஏதோ ஒன்று. நான் நிறுத்தினேன்.

"வாளிக்குள்ள இன்னா?"

"தொடரும்னு போட்டிருக்குது."

"தொடரும்னா? அடுத்த பக்கத்தைத் திருப்புங்க."

திருப்பினேன். அடுத்த பக்கத்தில் வத்தக்குழம்பு செய்வது எப்படி என்று இருந்தது. அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! அந்தப் பத்திரிகைக்காரர்களை அவள் திட்டின திட்டில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததைப் பார்த்து அவளும் சிரித்தாள். அடுத்த வியாழக்கிழமை நானே கடைக்குப் போய் அந்த இதழை வாங்கி வந்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் வாங்கினேன். தடங்கல் கொஞ்சம் குறையட்டும் என்று காலையில் கரி மூட்டும்போதே ஒரு தடவை எனக்குள் படித்துப் பார்த்துவிடுவேன். மதியம் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். நான் எந்த வார்த்தையில் நின்றாலும் அவள் அவசரப்படுத்தமாட்டாள். என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. தொல்லை ஜன்னல் வழியாக வந்தது.

நான் படித்துக் காட்டின கதையை அவள் கூடத்தில் போய்ச் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் பக்கத்தில் இருந்த ஒருத்திக்கு. இரண்டாவது வாரம் வட்டத்தில் பாதிப் பேருக்கு. ஒரு மாதத்தில் வியாழக்கிழமை மூன்று மணி என்றால் கூடத்தில் சத்தமே இருக்காது. அரிவாள்மனையில் காய் விழுகிற சத்தமும் அவள் குரலும்தான் கேட்கும்.

எப்படிச் சொன்னாள் என்கிறீர்கள்! மில் முதலாளிக்கு ஒரு குரல், அவன் தாயாருக்கு ஒரு குரல். நெல் அவிகிற வாசனை அந்த வீட்டுக்குள் வருகிறது என்று அவள் சொல்வாள். நான் படித்ததில் அது இல்லவே இல்லை. நான் எழுத்துக் கூட்டி உதிரி உதிரியாக அவள் மடியில் போட்டதை எல்லாம் மாலையாகக் கட்டி அவள் அங்கே போய்ப் போட்டாள். கடைசியில், இளைய மருமகள் அறைக் கதவை யாரோ தட்டுகிற இடத்தில் நிறுத்திவிட்டு, கை கழுவ எழுந்து போவாள். "அடியே, கதவைத் திறந்துட்டுப் போடி!" என்று பெண்கள் கத்துவார்கள். அடுத்த வாரம்தான் என்பாள். அந்தத் தொடரும் என்கிற வார்த்தைக்காகப் பத்திரிகைக்காரர்களைத் திட்டினவள்தான் இவள்.

முதல் இரண்டு மூன்று வாரம் எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம் எப்போது மாறினது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. சமையல் மேஸ்திரி ஒருநாள் தனியாக ஒரு டம்ளரில் ஏலக்காய் தட்டிப் போட்ட டீ அனுப்பினார், கதை சொல்கிற அம்மாவுக்கு என்று. அந்த டீ என் கண் முன்னால் ஜன்னலுக்கு உள்ளே போனது. காலையிலிருந்து கண் வலிக்க வலிக்கப் படித்தவன் நான். எனக்குக் கடை டீதான். அற்ப விஷயம்தான். ஆனால் அன்று நான் தேய்த்த ஒரு சட்டையின் காலர் தீய்ந்துபோனது.

அந்த வட்டத்தில் உட்காருகிற ஒரு அம்மா துணி வாங்க வந்தவர் என்னிடம் சொன்னார்: "உங்க சம்சாரம் கதை சொன்னா மூணு மூட்டை வெங்காயம் ஆனதே தெரியலங்க. அவங்களுக்கு நேர் எதிரு நீங்க. வாயைத் தொறந்தாதானே! எப்படித்தான் உங்களோட காலம் தள்ளிக்கினு இருக்காங்களோ." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் பல்லைக் காட்டினேன். அவர் போனபிறகு ஒரு மணி நேரம் இஸ்திரிப் பெட்டியை ஓங்கி ஓங்கி வைத்துத் தேய்த்தேன்.

இன்னொரு நாள் ஜன்னல் வழியாக ஒரு குரல் கேட்டது. "உனக்குத்தான் எழுத்து தெரியாதே, இந்தக் கதையெல்லாம் எங்கேருந்துடி எடுக்கறே?"

நான் கையில் இருந்த வேட்டியை அப்படியே விட்டுவிட்டுக் காதைக் கொடுத்தேன். இப்போது சொல்வாள், என் வீட்டுக்காரர் படித்துக் காட்டுகிறார் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"எங்கேருந்தோ எடுக்கறேன், வுடேன்" என்று அவள் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த நிமிஷத்தில்தான் என் மனசு கெட்டுப்போனது. என்னை மறைக்கிறாள் என்று நினைத்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிற புருஷனைச் சொல்லிக்கொள்ள வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். அதற்கப்புறம் வியாழக்கிழமை என்றாலே எனக்கு வயிற்றெரிச்சல். அவள் கதை சொல்கிற சத்தம் கேட்கக்கூடாது என்று வண்டியைப் பத்தடி தள்ளி நிறுத்திப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் நானே பழைய இடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். கேட்டாலும் எரிந்தது, கேட்காவிட்டாலும் எரிந்தது. கதையில் வருகிற டிரைவரைக்கூட எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. அவனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் இளகிவிடும். "தங்கமான மனுஷன், பாவம், ஊரே அவனைத் திருடன் மாதிரி பாக்குது" என்பாள். நாற்பத்தெட்டு வயதில், தாளில் அச்சடித்த ஒரு ஆள்மேல் பொறாமைப்பட்டவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ஆவணி பௌர்ணமி வெள்ளிக்கிழமை வந்தது. முதல்நாள் வியாழக்கிழமை. அன்று கூடத்தில் நாற்பது பேர் இருப்பார்கள், அவ்வளவு பேருக்கும் அவள் கதை சொல்லப்போகிறாள் என்பது எனக்குத் தெரியும். காலையில் இதழை வாங்கிப் படித்துப் பார்த்தேன். முக்கியமான அத்தியாயம். காணாமல் போன மருமகள் சாகவில்லை. அவளைக் கொல்லப் பார்த்தவர்களிடமிருந்து காப்பாற்றி, தன் அக்கா வீட்டில் ஒளித்துவைத்திருக்கிறவனே அந்த டிரைவர்தான். கடைசி வரியில் அவன் கதவைத் தட்டுகிறான், அவளே வந்து திறக்கிறாள்.

படித்ததும் எனக்கு ஜன்னலுக்கு உள்ளே நடக்கப்போவது கண்ணில் தெரிந்தது. நாற்பது பேரும் கை தட்டுவார்கள். என் மனைவியை அக்கா அக்கா என்று கொண்டாடுவார்கள். ஏலக்காய் டீ வரும்.

மதியம் சாப்பாடு ஆனதும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். "ம், சொல்லுங்க. ராத்திரியெல்லாம் அந்தப் பொண்ணு நெனப்புதான் எனக்கு" என்றாள். நான் இதழை விரித்தேன். விரலை வைத்தேன். முதல் பத்தியை உள்ளது உள்ளபடி படித்தேன். அப்புறம் தாளைப் பார்த்துக்கொண்டே, தாளில் இல்லாததைச் சொல்ல ஆரம்பித்தேன். போலீஸ் டிரைவரைப் பிடித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். நகைக்காக நான்தான் கொன்றேன், மில் பின்னால் உமிக் குவியலுக்கு அடியில் புதைத்தேன் என்றான். பக்கத்தைத் திருப்ப வேண்டிய இடத்தில் திருப்பினேன். விரலை நகர்த்தினேன். எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். வேண்டுமென்றே செய்தேன் என்பதை மறைக்க மாட்டேன். அடுத்த வாரம் கதை வேறு மாதிரி போகும்போது சொன்னதை மாற்ற முடியாமல் அவள் ஒரு தடவையாவது அத்தனை பேர் நடுவில் திணற வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சே, அவனா?" என்றாள். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, எதையோ சொல்ல வந்தவள் சொல்லாமல் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றரை மணிக்கு, சாப்பாடு பரிமாறுகிறவர்களின் வேட்டிகளைத் தேய்த்து அடுக்கி எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். வாசல்படி ஓரமாக நின்றேன். பூசணிக்காய் மலை மாதிரி கிடக்கிறது. நடுவில் என் மனைவி. நான் கட்டின பொய்யை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். டிரைவர் குனிந்த தலையை நிமிராமல் பேசுகிற இடம். ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஒருத்தி கத்தரிக்காயைக் கையில் பிடித்தபடி நறுக்க மறந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு நிமிஷம் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது என் கதை, நான் சொன்னது, இத்தனை பேர் அழுகிறார்கள் என்று இருந்தது. அந்தச் சந்தோஷம் அந்த ஒரு நிமிஷம்தான்.

"இன்னாமா கதை வுடறே?"

கீழ்பென்னாத்தூர் வேனில் வந்திருந்த ஒரு அக்கா. சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணீரென்ற குரல். தன் பையிலிருந்து அதே இதழை எடுத்துக் காட்டினார். "பஸ் ஸ்டாண்டுல வாங்கி வேன்லயே படிச்சுட்டு வந்தேன். அந்தப் பொண்ணு உசிரோட இருக்குது. அந்த டிரைவருதான் காப்பாத்தி வச்சிருக்கான். நீ இன்னாடான்னா அவனையே கொலைகாரன் ஆக்கிட்டியே!"

ஒரு மூலையிலிருந்து சிரிப்பு வந்தது. அது அப்படியே கூடம் முழுக்கப் பரவியது. "அப்ப இத்தனை நாளு சொன்னதும் இவளா கட்டினதுதானா?" என்று ஒருத்தி கேட்டாள். "எழுத்து தெரியாதவ கதை சொன்னா இப்படித்தான், படத்தைப் பாத்து சொல்றா போல" என்று இன்னொருத்தி. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்தான் எல்லோரையும்விட ஜாஸ்தியாகச் சிரித்தாள்.

என் மனைவி நிமிர்ந்தாள். வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். அவர் படித்துக் காட்டினதைத்தான் சொன்னேன் என்று கையை நீட்டினால் போதும். நான் கையில் வேட்டி அடுக்கோடு நின்றுகொண்டிருக்கிறேன். ஒரு வார்த்தை, ஆமாம் என்னால்தான் என்கிற ஒரு வார்த்தை, எனக்கு வரவில்லை.

அவள் பார்வையை எடுத்துக்கொண்டாள். "நான்தான் எதையோ தப்பா நெனச்சுக்கினு சொல்லிட்டேன் போல" என்று சொல்லிவிட்டு பூசணிக்காயை எடுத்து அரிவாள்மனையில் வைத்தாள். நான் வேட்டிகளை அங்கேயே ஒரு பெஞ்சில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். எது வேண்டும் என்று நினைத்தேனோ அது நடந்துவிட்டது. அன்று மாலை என்னால் ஒரு கைக்குட்டையைக்கூட ஒழுங்காக மடிக்க முடியவில்லை.

வீட்டில் அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடுத்த வியாழக்கிழமை இதழை வாங்கி வந்து மரத்தடியில் விரித்தேன். "வேணாங்க, தலைவலி" என்றாள். அதற்கடுத்த வியாழக்கிழமையும் வேண்டாம் என்றாள். கூடத்தில் அவள் வட்டத்தைவிட்டு விலகி, சுவர் ஓரமாக வெங்காயம் உரிக்கிற இடத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள் என்று துணி வாங்க வந்த அம்மா சொன்னார். ஜன்னல் வழியாக இப்போது யாரோ போனில் போடுகிற பாட்டுத்தான் கேட்டது. எரிச்சல்படுவதற்கு எதுவும் இல்லை. அப்போதுதான் தெரிந்தது, என்னை அந்த இடத்தில் பத்தடிகூட நகரவிடாமல் கட்டிப்போட்டிருந்தது எது என்று.

மூன்றாவது வியாழக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நான் வேணும்னே மாத்திப் படிச்சேன்."

"தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"எப்பவும் வார்த்தைக்கு வார்த்தை நின்னு நின்னு படிப்பீங்க. அன்னிக்கு மட்டும் எங்கேயும் நிக்கவேயில்லை. தண்ணியாட்டம் வந்துச்சு. எங்க வூட்டுக்காரரு எவ்ளோ நல்லா படிக்கக் கத்துக்கினாருன்னு அவ்ளோ சந்தோஷப்பட்டேன். சொன்னா கூச்சப்படுவீங்கன்னு சொல்லாம போனேன். அந்த அக்கா புஸ்தகத்தை எடுத்துக் காட்டுனப்பதான் புரிஞ்சுது, ஏன் நிக்கலேன்னு."

நான் பிசைந்த சோற்றைத் திரும்பத் தட்டிலேயே வைத்தேன். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அவள் கேட்டாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். எல்லோரும் உன்னைத்தான் கொண்டாடுகிறார்கள். யார் படித்துக் காட்டுகிறார்கள் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. நான் ஒருத்தன் இருக்கிறதையே நீ அங்கே மறைத்துவிட்டாய்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கதானே சொல்லக்கூடாதுன்னீங்க? மொத வாரமே சொன்னீங்களே, எழுத்துக் கூட்டிப் படிக்கறவன்னு சிரிப்பாங்க, எம்பேரை எடுக்காதேன்னு. மலையைப் பாத்து சத்தியம் பண்ணச் சொன்னீங்க. பண்ணேன். எத்தனை தடவ வாய் வரைக்கும் வந்துச்சு தெரியுமா? அன்னிக்கு அவ்ளோ பேரு சிரிச்சப்பகூட வந்துச்சு."

ஆமாம். சொல்லியிருந்தேன். முதல் வாரம், அவள் கூடத்துக்குக் கிளம்பும்போது, வண்டிக்குப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிகிற அந்த மலையைக் காட்டி நான்தான் சத்தியம் வாங்கினேன். வாங்கினவன் மறந்துவிட்டேன். அவள் நாற்பது பேர் சிரிப்புக்கு நடுவிலும் அதைக் காப்பாற்றியிருக்கிறாள்.

இதழை எடுக்கட்டுமா என்று கேட்டேன். "கதை வேணாங்க, போதும்" என்று சொல்லிவிட்டுத் தூக்குச் சட்டியைக் கழுவப் போய்விட்டாள். அந்தப் போதும் என்னை என்னவோ செய்தது. கதை நின்றால் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மறுபடியும் வெறும் சோறும் தண்ணீரும்தான்.

புரட்டாசி பௌர்ணமிக்கு முதல்நாள், வேன் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, பெட்டியிலிருந்த கரியை அணைத்தேன். அந்த ஒரு மாத இதழ்களை எல்லாம் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். அறுபது எழுபது அடி தூரம்தான். வழியில் இரண்டு தடவை திரும்பிவிடலாம் என்று நின்றேன். உள்ளே போனதும் பேச்சு நின்றது. நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். என் மனைவி சுவர் ஓரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"போன மாசம் தப்பு அவங்க மேல இல்லை. நான்தான் வாரா வாரம் படிச்சுக் காட்றேன். அன்னிக்கு நான்தான் பொய்யா மாத்திப் படிச்சேன்." என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. "அவங்க நல்லா சொல்றாங்கன்னு எனக்குப் பொறாமை."

முதலில் அந்தக் கீழ்பென்னாத்தூர் அக்காதான் வாயைத் திறந்தார். "பொறாமைன்னா பொண்டாட்டிகூட சண்டை போடவேண்டியதுதானேயா? அந்த டிரைவரு உனக்கு இன்னா பாவம் பண்ணான், அவனைத் தூக்குல போடப் பாத்தியே!"

கூடம் அதிர்ந்தது. இந்தத் தடவை சிரிப்பு என்னைப் பார்த்து. எனக்குக் காது இரண்டும் கொதித்தது. ஓடிவிடலாம் போல இருந்தது. "போவாதீங்க" என்று அந்த அக்கா ஒரு மனைப்பலகையைத் தள்ளிப் போட்டார். "வந்தது வந்துட்டீங்க, இந்தத் தடவை ஒழுங்கா உள்ளதை உள்ளபடி படிங்க, பாக்கலாம்."

உட்கார்ந்தேன். ஆவணி பௌர்ணமி இதழை விரித்தேன். விரல் நடுங்கியது. மூன்றாவது வரியிலேயே ஒரு பெரிய வார்த்தை. நின்றுவிட்டேன். உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. "ஐயோ, இப்படிப் படிச்சா அந்தப் பொண்ணு கெழவி ஆயிடுவா" என்று யாரோ சொன்னார்கள். மறுபடியும் சிரிப்பு. நான் தாளை மூடப் போனேன்.

"அவரை அவசரப்படுத்தாதீங்க."

என் மனைவி. திரும்பாமல், வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். "நின்னு நின்னுதான் வரும். ஆனா வரும்."

யாரும் அதற்கப்புறம் சிரிக்கவில்லை. காத்திருந்தார்கள். வார்த்தை வந்தது. அடுத்த வார்த்தையும் வந்தது. டிரைவர் தன் அக்கா வீட்டுக் கதவைத் தட்டுகிற இடத்துக்கு வர எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. அதைப் படித்ததும் நிமிர்ந்து பார்த்தேன். அவள் திரும்பி, என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்றுதான் கேட்டால் சொல்வாள். "இருங்க, இதை இப்படிச் சொல்லக்கூடாது" என்று அவள் எழுந்து வட்டத்துக்குள் வந்தாள். கதவைத் தட்டின கையில் டிரைவருக்கு எவ்வளவு நடுக்கம் இருந்தது என்பதிலிருந்து ஆரம்பித்தாள். அத்தனை பேரும் அவள் பக்கம் திரும்பிவிட்டார்கள். கையில் புத்தகத்தோடு நான் ஒருத்தன் நடுவில் உட்கார்ந்திருப்பதே யாருக்கும் ஞாபகம் இல்லை.

அப்போதும் எனக்குள் அந்தப் பழைய முள் ஒரு குத்துக் குத்தியது. பொய் சொல்ல மாட்டேன், இன்றைக்கும் குத்துகிறது. அந்தத் தொடர் முடிந்து வேறொன்று ஆரம்பித்துவிட்டது. இப்போது கூடத்தில் அவள் "எங்க வூட்டுக்காரரு படிச்சாரு" என்று ஆரம்பித்துத்தான் சொல்கிறாள். சத்தியத்தை நானே வாபஸ் வாங்கிக்கொண்டேன். இருந்தாலும் கை தட்டல் அவளுக்குத்தான். ஏலக்காய் டீயும் அவளுக்குத்தான். அது அவளுடையது, நான் ஆசைப்பட்டாலும் எனக்கு வராது. ஆனால் வியாழக்கிழமை மதியம் தாளை விரித்து விரலை வைக்கும்போது எனக்கு ஒரு பயம் வந்துவிடுகிறது. என் எதிரில் உட்கார்ந்து என் வாயையே நம்பிப் பார்க்கிற, எழுத்து தெரியாத ஒருத்திக்கும் அந்த விரல் நுனிதான் கண் என்கிற பயம்.